வலது கோடியில் ஒரு புள்ளி

“அம்மணி, எந்த ஹவுசிங் போட்டா வண்டில இந்த லேக் போகும்?”

ஷெட்டுக்குள் நுழைந்ததும் நாச்சிமுத்து கேட்டது இதைத்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதில் சொல்ல வேண்டிய மெக்கானிக் பிலோமினாவுக்கு நாற்பது ஆகவில்லை.

சிங்காநல்லூருக்கு அப்பால் இருக்கும் அந்தத் தகர ஷெட்டுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. டர்போ வண்டி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டி அலுத்தவர்கள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

பிலோமினா ஹோஸ் பைப்பால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“லேக் எப்படீங்ண்ணா இருக்குது?”

“மிதிச்சா ஒண்ணுமில்ல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணலாம். அப்பறம் எடுத்துதுன்னா மாடு மெரண்டாப்பல தூக்கிப் போடுது.”

“அதனால உங்களுக்கு என்னங்க?”

நாச்சிமுத்து யோசித்தார். அவரிடம் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வரலாம். பதில் அதற்குள் வந்திருக்காது.

“பாப்பாவுக்கு வாந்தி வருது,” என்றார் ஒருவழியாக.

பாப்பா என்றால் மகள் மிதுனா. வயது இருபத்தாறு. திருப்பூரில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கோயமுத்தூருக்கு ரயிலில் வருவாள். ஸ்டேஷனிலிருந்து வடவள்ளியில் அவள் அம்மா வீட்டு கேட் வரைக்கும் நாச்சிமுத்து கொண்டுபோய் விடுவார். கேட்டுக்கு உள்ளே அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

ஸ்டேஷனிலிருந்து கேட் வரை இருபத்தைந்து நிமிஷம். வாரத்தில் அவருக்கு மனுஷக் குரல் கேட்பது அவ்வளவுதான். மீதி நேரம் டிவி பேசும்.

“போன வாரம் வண்டிய நிறுத்தச் சொல்லி ரோட்டோரமா உக்காந்துட்டா. ஆட்டோல போயிக்கட்டுமாப்பான்னு கேக்கறா.”

பிலோமினா ஹோஸோடு மேசைப் பக்கம் போனார்.

மேசையில் ஒரு பழைய டர்போவின் சக்கரம் கிடந்தது. உள்ளங்கை அகலம். அதைச் சுழலும்படி மேசை வைஸ் இடுக்கியில் மாட்டினார். ஹோஸை அதன்மேல் காட்டினார்.

தண்ணீர் சளசளவென்று விழுந்தது. சக்கரம் வேண்டாவெறுப்பாக அரைச் சுற்று சுற்றி நின்றது.

ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தார். தண்ணீர் பீய்ச்சியது. சக்கரம் விர்ரென்று சுற்றியது.

“டேப்பைத் தொட்டனுங்களா?”

“இல்ல.”

“எஞ்சினோட புகைதானுங்க இந்தச் சக்கரத்தச் சுத்துது. சக்கரம் சுத்துனாத்தான் எஞ்சினுக்குக் காத்து கூடுதலாப் போகும். புகை உள்ள வர்ற நத்தைக் கூடுதான் ஹவுசிங். உங்க கூடு பெருசு. மெதுவாப் போறப்ப புகை அதுல சோம்பிக்கிட்டு நடக்குது.”

“அப்பச் சின்னது போட்டுட்டாப் போச்சு!”

“டேப்பை முழுசாத் தொறங்க.”

நாச்சிமுத்து போய்த் திறந்தார். கட்டைவிரல் தாங்கவில்லை. தண்ணீர் திரும்பி அடித்து இரண்டு பேரையும் நனைத்தது. அவருடைய வெள்ளைச் சட்டை வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

“சின்னது அதிகம் தாங்காதுங்ண்ணா. வேகம் மேல போகப் போக மூச்சு முட்டும்.”

சட்டையைப் பிழிந்துகொண்டே அவர் கேட்டார்.

“எங்கிட்ட இருக்கறது எம்பத்திரண்டாம் நம்பர் கூடு. சின்னது எது?”

“நாப்பத்தெட்டு.”

“நடுவுல?”

“அறுபத்திமூணு. வர்றவங்க எல்லாரும் நடுவுலதானுங்க கேப்பாங்க.”

“நடுவுலதே போடேன். மேல கொஞ்சம் இருக்கட்டும். இதப் பாரு.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நல்லவேளை, லேமினேஷன் செய்திருந்தது. அவர் வண்டியை ஒரு காலத்தில் உருளையில் ஏற்றி ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்த சக்தி அளவு அது. எஞ்சின் ஆறாயிரம் சுற்றில் கோடு தாளை விட்டே வெளியே போய்விடும்போல் ஏறியிருந்தது. அந்த வருஷம் ரேஸ் டிராக்கின் நேர்பாதையில் அவரை யாரும் முந்தவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முந்திய கதை. தாளை மட்டும் அவர் ஆதார் அட்டைபோலக் கூடவே வைத்திருக்கிறார்.

பிலோமினா அதை வாங்கி முழுவதும் படித்தார். மரியாதையாகத்தான் படித்தார். பிறகு மேசைமேல் வைத்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

பிலோமினா ஒரு வெள்ளை மார்க்கர் பேனாவைக் கொடுத்தார்.

“சுத்து காட்டற மீட்டர் இருக்குதுங்கள்ல? எப்ப ஆக்சிலேட்டர மிதிச்சாலும் ஊசி எதுவரைக்கும் போச்சுன்னு பாத்துக்குங்க. வண்டி நின்னதும் கண்ணாடிமேல அந்த எடத்துல ஒரு புள்ளி வைங்க. ஒரு வாரம்.”

“அத வெச்சு?”

“அப்பறம் வாங்க.”

*

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குக் கோபம். நம்பர் கேட்டால் பேனா கொடுக்கிறாள். இருந்தாலும் புள்ளி வைத்தார்.

பால் வாங்கப் போனது ஒரு புள்ளி. பேங்குக்குப் போனது ஒரு புள்ளி. ஒண்டிப்புதூர் சிக்னலில் மூன்று. வேறு எங்கும் போக அவருக்கு இடமில்லை என்பது மூன்றாம் நாளே தெரிந்துபோயிற்று. புள்ளிக்காகச் சும்மா காந்திபுரம் வரை போய்விட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பி வந்தார்.

சனிக்கிழமை வந்தது.

*

திங்கட்கிழமை காலையில் பிலோமினா அவர் வண்டியின் கதவைத் திறந்து, குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

ஆயிரத்து ஐநூறுக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் புள்ளிகள் மொய்த்திருந்தன. அதற்கப்புறம் கண்ணாடி சுத்தமாக இருந்தது.

வலது கோடியில், ஆறாயிரத்துக்கு மேல், ஒரே ஒரு புள்ளி.

“உங்க டர்போ முழிக்கறதே மூவாயிரத்துக்குக் கிட்டத்துலதானுங்ண்ணா.”

“ம்.”

“இந்த ஒண்ணு எங்க வெச்சது?”

“பைபாஸ்ல.”

“எப்பங்க?”

“சனிக்கெழமை. பாப்பாவ எறக்கி உட்டுப்போட்டு.”

“வண்டில கூட யாரு இருந்தா?”

“யாரும் இல்ல.”

“எதுக்கு மிதிச்சீங்க?”

பிலோமினா காத்திருந்தார். வெளியே ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது.

“அன்னிக்கும் அவளுக்கு வாந்தி. அடுத்த வாரத்துலிருந்து ஆட்டோதாம்ப்பா, உங்களுக்கும் சிரமம்னுட்டா. சரி கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். கேட்டச் சாத்துனா. எனக்கு வீட்டுக்குப் போகப் புடிக்கல. வீட்டுல என்ன இருக்குது? பைபாஸ்ல உட்டு அமுக்குனேன். பறந்துச்சு அம்மணி. அப்படிப் பறந்துச்சு.”

“நல்லா இருந்துச்சுங்களா?”

“பறக்கற வரைக்கும்.”

பிலோமினா தோளில் கிடந்த துணியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

நாச்சிமுத்து துணியைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். வெகுநேரம் மீட்டரையே பார்த்தார். வலது கோடியில் இருந்த புள்ளியை அழுத்தித் துடைத்தார். அது லேசில் போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார்.

“நாப்பத்தெட்டே போடு.”

“அஞ்சாயிரத்துக்கு மேல மூச்சு முட்டுமுங்க.”

“முட்டட்டும்.”

பழைய ஹவுசிங்கின் போல்ட்டுகள் துருப்பிடித்துக் கல்லாக இருந்தன. கேஸ் வைத்துச் சூடுபண்ணி, எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்கே மதியமாகிவிட்டது. கழற்றிய எண்பத்திரண்டை அவர் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். புதிது மாட்டி முடிக்கும் வரை கீழே வைக்கவில்லை.

சாயங்காலம் வண்டியை எடுத்தார். மிதித்தார். கால் வைத்ததும் வண்டி நகர்ந்தது, தூக்கிப் போடாமல், மரியாதையாக.

வழியில் நிறுத்தி மகளுக்குப் போன் போட்டார்.

“கண்ணு, வண்டிய சரி பண்ணிட்டேன். இந்த ஒரு வாரம் வந்து பாரு.”

“சரீங்கப்பா,” என்றாள் மிதுனா.

*

அடுத்த திங்கட்கிழமை அவர் மறுபடி வந்து நின்றார். முகத்தில் களையே இல்லை.

“ஏனுங்ண்ணா, லேக் இருக்குதுங்களா?”

“துளி இல்ல.”

“பாப்பாவுக்கு வாந்தி?”

“இல்ல. ஆர்.எஸ்.புரம் சிக்னல் ஒவ்வொண்ணுலயும் பாத்தேன். நல்லாத்தே உக்காந்திருந்தா.”

“அப்பறம் என்னங்க?”

“எறங்கறப்ப மறுபடி ஆட்டோன்னுட்டா.”

பிலோமினா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவருக்கே இது புதிதாக இருந்தது. ஹவுசிங்கில் தப்பில்லை. மாட்டினது அவர் கை.

“வண்டில என்ன பேசுனீங்க?”

“அவதான் பேசுனா. லாலி ரோடு தாண்டறப்ப ஒண்ணு கேட்டா.”

“என்ன கேட்டாங்க?”

“தனியா இருக்கறது கஷ்டமா இருக்குதுங்களாப்பான்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சொல்லலாம்னு இருந்தேன்.”

“இருந்தீங்க?”

“பதில் உள்ளார ஏறிக்கிட்டு இருந்துச்சு அம்மணி! பதினோரு வருஷம் இல்லையா? அவங்கம்மா வீட்ட உட்டுப் போன அன்னிக்கு நான் என்ன சொல்லியிருக்கோணும், ஏன் சொல்லல, ரேஸு ரேஸுன்னு எங்க போயித் தொலைஞ்சேன், எல்லாத்தையும் சேத்து, ஒண்ணு உடாமச் சொல்லிப்போடலாம்னு... தயாராகி வாயத் தொறக்கறேன், கேட் வந்துருச்சு. முன்னயெல்லாம் வண்டி தூங்கித் தூங்கிப் போகும். இப்ப சீக்கிரமாப் போயிருச்சு.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவமானமாக இருந்திருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவ ஒரு நிமிஷம் கதவப் புடிச்சுக்கிட்டே நின்னா. அப்பறம்தான் ஆட்டோன்னா.”

பிலோமினா எழுந்து போய் டேப்பைக் கொஞ்சமாகத் திறந்தார். ஹோஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தண்ணீர் அவர் செருப்பின்மேல் சளசளவென்று விழுந்தது.

அவர் அதையே பார்த்தார்.

“பெரிய பதிலுங்களா அண்ணா?”

“பெருசுதான்.”

“சின்னதா ஒண்ணு இல்லீங்களா?”

நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

ஹோஸ் கையை விட்டு விழுந்தது, தண்ணீர் தரையில் ஓடியது. அவர் சட்டைப் பையைத் தடவினார், பிறகு பேன்ட் பையை. போனை எடுத்து, கண்ணாடி போடாமலேயே மகளின் பேரைத் தேடிப் பிடித்தார்.

மணி பதினொன்று. திருப்பூரில் தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவில் அவள் எடுத்தாள்.

“என்னங்கப்பா? இந்த நேரத்துல? உடம்பு நல்லாயிருக்குதுங்கள்ல?”

“நல்லாயிருக்குது. சனிக்கெழமை நீ ஒண்ணு கேட்டயல்ல?”

“என்ன கேட்டேன்?”

“ஆமா கண்ணு,” என்றார். “கஷ்டமாத்தான் இருக்குது.”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். அவளும் அவர் மகள்தானே.

“சனிக்கெழமை ஆறேகால் ட்ரெயினுங்கப்பா,” என்றாள் மிதுனா. “முன்னாடியே வந்து நில்லுங்க.”