சீர்த் தாம்பாளத்தில் ஒரு கட்டை

டொக்... டொக்... டொக்.

மூன்று முறை. பிறகு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று முறை.

கேளுங்கள் பிள்ளைகளே. தூக்கம் வராத பெரியவர்கள் இருந்தால் அவர்களும் கேளுங்கள். ராஜாக்கள் யானை மேல் போன காலம் அது. உப்பு மாட்டு வண்டியில் போன காலம். அந்தக் காலத்தில் கடல் ஓரத்து ஊர் ஒன்றில், கடைசித் தெருவின் கடைசி வீட்டில், விளக்கை அணைத்ததும் இந்தச் சத்தம் வரும்.

அந்த வீட்டில் பிரமு இருந்தாள். அவளோடு எட்டு மாதக் குழந்தை இருந்தது. வேறு யாரும் இல்லை. அவள் புருஷன் உப்பு வண்டிக்காரன். கார்த்திகையில் மேற்கே மலை நாட்டுக்கு வண்டி கட்டினால் தை பிறந்துதான் திரும்புவான். போன மழையில் கதவின் தாழ்ப்பாள் இற்றுப்போய்க் கையோடு வந்துவிட்டது. "வந்து மாட்டுதேன் பிரமு" என்றான். மாடுகள் நகர்ந்துவிட்டன.

பகலில் அது காற்று என்று பிரமுவுக்குத் தெரியும். காற்று தள்ளும், கதவு நிலையில் இடிக்கும், அவ்வளவுதான். ராத்திரியில் அது தெரியாது. ராத்திரியில் அது நரியாக இருந்தது. திருடனாக இருந்தது. பேர் சொல்லக் கூடாத இன்னொன்றாகவும் இருந்தது. அவள் உரலைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்து கதவோடு அண்டக் கொடுப்பாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? என் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஊரில் சொன்னால், அது திருடன் காதிலும் விழும் அல்லவா?

பிரமுவுக்கு ஒரு அண்ணன் உண்டு. அவன் பேர் கொம்பையா. இரண்டு அக்காமாரும் உண்டு. மூத்தவள் உலகம்மை, ஆற்றங்கரை ஊரில் பெரிய வீட்டு மருமகள். நடுவுள்ளவள் ஆவுடை, மலையடி ஊரில் வாக்கப்பட்டவள். அப்பா அம்மா போன பிறகு மூன்று பேருக்கும் பிறந்த வீடு என்றால் அது கொம்பையாதான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் அண்ணன்காரன் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டு போக வேண்டும். அரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, சேலை. எல்லாம் தாம்பாளங்களில் வைத்து, தெரு பார்க்க நடந்து போக வேண்டும். தெருவில் பெண்கள் நின்று எண்ணுவார்கள். ஐந்தா, ஏழா, ஒன்பதா? சீர் வராத மருமகளை வருஷம் முழுக்கக் கேட்பார்கள்: "என்ன பிள்ள, ஒன் பொறந்த வீட்டுல அடுப்பு அணைஞ்சு போச்சோ?"

அந்த வருஷம் குளம் உடைந்தது. கொம்பையாவின் வயலை வெள்ளம் மணலால் மூடிவிட்டுப் போனது. வீட்டில் இருந்தது மூன்று மரக்கால் அரிசி.

ஒரு நாள் கொம்பையா யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறம் போனான். மூன்று தாம்பாளத்தை இரவல் வாங்கி வைத்திருந்தான். அடியில் உமியைக் குவித்தான். மேலே ஒரு கை அரிசியைத் தூவினான். தள்ளி நின்று பார்த்தான். மலை போல இருந்தது. அவனுக்கே சந்தோஷமாகிவிட்டது.

அப்போது ஒரு கோழி வந்தது. தாம்பாளத்தில் ஏறி ஒரு சீய்ப்பு சீய்த்தது. தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. பிறகு இறங்கி, பேசாமல் போய்விட்டது.

பின்னால் அவன் மனைவி கோமு சிரிக்கும் சத்தம் கேட்டது.

"கோழிக்கே தெரிஞ்சு போச்சு. ஒங்க தங்கச்சி மாமியாருக்குத் தெரியாதா?"

"சிரிக்காத கோமு. நான் என்னதான் செய்ய?"

"அவுகளுக்கு என்ன வேணும்னு கேட்டியளா?"

"கேட்டா என்ன சொல்லுவாளுக? ஒண்ணும் வேண்டாம்ணேன்னுதான் சொல்லுவாளுக."

"அப்ப கேக்காதிய. போயிப் பாத்துட்டு வாங்க."

"சும்மா எப்படிப் போறது? பொங்கலுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கே."

"காளையைக் காணோம், தேடி வந்தேன்னு சொல்லுங்க" என்றாள் கோமு.

இப்படித்தான் கொம்பையா இல்லாத காளையைத் தேடிப் புறப்பட்டான்.

முதலில் ஆற்றங்கரை ஊருக்குப் போனான். உலகம்மை வீட்டில் பத்தாயம் நிறைய நெல் இருந்தது. பசு நாலு நின்றது. இங்கே என்ன குறை என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் தண்ணீர் கொடுத்தாள், "அண்ணே, நம்ம வீட்டுப் பிச்சி பூக்குதா?" என்று கேட்டாள். சாப்பாடு போட்டாள், "அம்மா வச்ச பிச்சிண்ணே, கெணத்தடியில... பூக்குதா?" என்று கேட்டாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "செவலைக் காளை கெடைச்சா சொல்லி அனுப்புதேன்" என்றவள், அவன் தெருமுனை போன பிறகு கூப்பிட்டாள். "அண்ணே! பிச்சிக்குத் தண்ணி ஊத்துதியளா?"

மூன்று முறை கேட்டாள். கொம்பையா அதை மனசில் முடிந்துகொண்டான்.

பிறகு மலையடி ஊருக்குப் போனான். ஆவுடை வீட்டில் இல்லை. தூரத்துச் சுனையிலிருந்து தலையில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். "காளையா? இந்தக் கரட்டுல ஆடுதான் ஏறும், காளை ஏறாது அண்ணே" என்று சிரித்தாள். குடத்தை இறக்கியதும் சட்டென்று முந்தானையைத் தலையில் போட்டு மூடினாள். ஆனாலும் அவன் பார்த்துவிட்டான். உச்சந்தலையில் ஒரு கை அகலத்துக்கு முடி இல்லை. குடத்துக்கு அடியில் அவள் வைத்திருந்தது பனை நாரைச் சுற்றிய ஒரு சும்மாடு. முள்ளாகக் குத்தும் நார்.

கொம்பையா அதையும் மனசில் முடிந்துகொண்டான்.

கடைசியில் கடலோர ஊருக்குப் போனான். பிரமு வாசலுக்கு ஓடி வந்தாள். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல இருந்தது.

"செவலைக் காளையைக் காணோம் பிரமு. இந்தப் பக்கம் வந்துச்சா?"

பிரமு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, நம்ம கிட்ட எப்பண்ணே செவலைக் காளை இருந்துச்சு?"

கொம்பையா தொண்டையைச் செருமினான். "வாங்கலாம்னு இருக்கேன்" என்றான்.

"வாங்காத காளை தொலைஞ்சு போச்சாக்கும்!" பிரமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னதில் சிரித்த அதே சிரிப்பு. அவள் சிரித்து நாளாகியிருக்கும் என்று அண்ணனுக்குத் தோன்றியது.

உள்ளே போய் உட்கார்ந்தான். உரல் இருக்க வேண்டிய மூலையில் உரல் இல்லை. அது கதவுப் பக்கம் நின்றது. சாணி மெழுகிய தரையில் வளைவாக ஒரு தடம், மறுபடி மறுபடி உருட்டிய தடம். அப்போது கடல் காற்று ஒன்று வந்தது. டொக் என்றது கதவு. வெயில் நேரம்தான். ஆனாலும் பிரமுவின் கை தானாகப் போய்க் குழந்தையை இழுத்து அணைத்தது.

கொம்பையா கதவைப் பார்த்தான். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

"பொங்கச் சீருக்கு ஒனக்கு என்ன பிரமு வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்ணே." பிறகு மெல்லச் சொன்னாள். "ஆனா எதிர்த்த வீட்டுத் தாயம்மை இருக்காளே, அவகிட்ட... எங்க அண்ணன் ஏழு தாம்பாளம் கொண்டு வருவாகன்னு சொல்லிட்டேன்."

கொம்பையா வழி நெடுக யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

கிணற்றடிப் பிச்சிக்கொடியை வளைத்து மண்ணில் பதியன் போட்டான். மரப்பெட்டியின் அடியில் அம்மாவின் நல்ல நாள் சேலை இருந்தது, நிறம் போய், பூப் போல மெத்தென்று. அதை எடுத்துக் கொடுத்தான். கோமு அதை மூன்று புரியாகப் பின்னிச் சும்மாடு செய்தாள்.

மூன்றாவதற்கு, பிரமுவின் கதவுக்குத்தான் தவித்தான். நல்ல மரம் வாங்க வழியில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கடைசியில் கோமு மேலே கையைக் காட்டினாள். உத்திரத்துக்குக் குறுக்கே தொட்டில் கம்பு இருந்தது. தேக்குக் கம்பு. கொம்பையா, உலகம்மை, ஆவுடை, பிரமு, நாலு பேரும் அதில் கட்டிய தொட்டிலில்தான் வளர்ந்தார்கள்.

"நம்ம பிள்ளைக வளந்தாச்சு. எடுத்துக்கிடுங்க" என்றாள் கோமு. சொல்லிவிட்டு, ஏதோ வேலை இருப்பது போல அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது கொம்பையா சீர் கொண்டு போனான். வீட்டுக்கு ஒரு மரக்கால் அரிசி. ஒரு அச்சு வெல்லம். ஒரு மஞ்சள் குலை. வீட்டுக்கு ஒரே ஒரு தாம்பாளம்.

உலகம்மையின் மாமியார் எட்டிப் பார்த்தாள். "இதென்ன, எங்க வீட்டுல இல்லாத செடியா?" என்றாள். உலகம்மைக்கு அது காதில் விழவில்லை. வேரில் ஒட்டியிருந்த மண்ணை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையின் கொழுந்தன், "மதினிக்குப் பழந்துணி வந்திருக்கு டோய்!" என்று கத்தினான். ஆவுடை அதை விரலால் தடவினாள். அம்மா சேலை என்று விரலுக்குத் தெரிந்தது. அதைத் தலையில் வைத்து, மேலே குடத்தை வைத்து, இடுப்பில் கையூன்றி ராணி மாதிரி நின்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கொம்பையா கடலோர ஊருக்கு வந்து சேர்ந்தான். தெருவில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஏழு தாம்பாளம் வரும் என்று பிரமு சொல்லியிருந்தாளே!

"ஒத்தத் தாம்பாளமா? அண்ணாச்சி, மிச்சம் ஆறும் வண்டியில வருதோ?" என்று கேட்டாள் எதிர்த்த வீட்டுத் தாயம்மை. கிட்டே வந்து பார்த்தாள். "அடி ஆத்தி! பொங்கச் சீருக்குக் கட்டையைக் கொண்டாந்திருக்காரு! பிரமு, அடுப்புல வச்சுப் பொங்கல் பொங்கிரு பிள்ள, வெறகு மிச்சம்!"

தெரு சிரித்தது. பிரமு தலை நிமிரவில்லை. அண்ணனை உள்ளே வா என்று கூப்பிட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். கொம்பையா நிலையின் இரண்டு பக்கமும் கொக்கி போலச் செதுக்கிய மரத்துண்டுகளை அடித்தான். கட்டையைக் கதவுக்குக் குறுக்கே தாழாக அவற்றின் மேல் ஒரு முறை வைத்துப் பார்த்தான், எடுத்துச் சுவரில் சாத்தினான். அது என்ன கட்டை என்று சொல்ல வாயெடுத்தான். பிரமு அடுப்பைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

"வாரேன் பிரமு."

"சரிண்ணே."

தெருமுனைப் புங்கமரம்வரைதான் அவனால் நடக்க முடிந்தது. தங்கச்சியைத் தெரு பார்க்கத் தலை குனிய வைத்துவிட்டோமே! ஏழு தாம்பாளத்தில் உமியாவது கொண்டு வந்திருக்கலாமே! நாளைக்கு அந்தக் கட்டை நிஜமாகவே அடுப்புக்குப் போய்விடுமோ? மரத்தடியிலேயே நின்றான். இருட்டியது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி வீட்டு விளக்கும் அணைந்தது.

டொக்... டொக்... டொக்.

உள்ளே பிரமு திடுக்கிட்டு எழுந்தாள். பழக்கத்தில் உரலைத் தேடிப் போனாள். இருட்டில் கை கட்டை மேல் பட்டது. தள்ளிவிடப் போனாள். தள்ளவில்லை. கட்டையின் நடுவில் வழுவழுவென்று ஒரு பள்ளம் இருந்தது. கயிறு அறுத்து அறுத்து விழுந்த பள்ளம். விரல் அதற்குள் போய்ப் பொருந்திக்கொண்டது. நாலு பிள்ளைகளின் பாரம் தாங்கிய கயிறு. கிரீச், கிரீச் என்று அது போட்ட சத்தம். அவிச்ச கிழங்கைக் கையில் வைத்துத் தின்றுகொண்டே, காலால் தொட்டிலை ஆட்டிவிட்ட ஒரு சின்ன அண்ணன். அந்தச் சத்தம் கேட்டு அவள் ஒரு நாளும் பயந்ததில்லை. அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கியிருக்கிறாள்.

பிள்ளைகளே, கையில் கொஞ்சமே உள்ளவனும், கொடுக்கும் முன்னால் போய்ப் பார்த்துக் கொடுத்தால், வாங்குகிறவர் மனம் நிறையக் கொடுத்துவிடலாம்.

புங்கமரத்தடியில் கொம்பையா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்று வந்தது. கதவு ஒரு முறை டொக் என்றது. இரண்டாம் முறை டொக் என்றது.

மூன்றாம் முறை அது இடிக்கவில்லை. உள்ளேயிருந்து, கடக் என்று தாழ் விழுந்தது.