வாசலை அடைத்துக்கொண்ட வாஷிங் மெஷின்

"மனசு ஆடாம நிக்க ஒரு வழி சொல்லுங்கம்மா. பத்து மணி பஸ்ஸுல அவ வந்துடுவா."

ஹேமலதா இதைக் கேட்டபோது கோகிலாம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவ?"

"மிருதுளா. என் மருமக. மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கப் போறாளாம். போன்ல சொன்னா போதாதாம், நேர்ல வந்து சொல்லணுமாம்."

"நல்ல பொண்ணு."

"நல்ல பொண்ணுதான். கெட்டவளா இருந்தா நான் ஏன் பயப்படறேன்?"

ஹேமலதாவின் மகன் பிரசன்னா போய் இரண்டு வருடம் ஆகிறது. சாவு வீட்டில் அவர் அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு திடம் என்று ஊரே வியந்தது.

அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. பால்காரரிடம் சண்டை. எதிர்வீட்டோடு பேச்சு நின்றது. வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றாள். கடைசியில் ஏற்காட்டு மலையில், கேட்பாரில்லாத படுக்கை நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். ஞானம் தேடி வந்தவருக்குத் துணி துவைக்கும் அறை கிடைத்தது.

இங்கே குரு கோகிலாம்மா, சிஷ்யை ஹேமலதாவைவிட இளையவர். அதனால் சிஷ்யை குருவை அம்மா என்பார், குரு சிஷ்யையை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் யாரிடம் கற்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் குழம்பட்டும். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

"அவ முன்னாடி நான் கல்லு மாதிரி நிக்கணும்," என்றார் ஹேமலதா. "ஒரு சொட்டு விடக்கூடாது. என் அழுகையை மூட்டை கட்டி அவ தலையில ஏத்தி அனுப்பினா, அவ எப்படிம்மா போய் வாழ்வா? நல்லா இரும்மான்னு ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான். வந்த பஸ்ஸுலயே திரும்பிடணும். மந்திரம் இருந்தா குடுங்க. மூச்சுப் பயிற்சின்னாலும் சரி."

"மெஷின் எப்படி இருக்கு?"

"நான் எதைக் கேக்கறேன், நீங்க எதைக் கேக்கறீங்க?"

"ஸ்பின் ஓடுறப்போ சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னுத்தாயி கட்டிலோட ஆடுறாங்க. நேத்து அழுதுட்டாங்க."

"அது எப்பவும் ஆடறதுதான்."

"உள்ள ஆட்டத்தை அடக்குற ஷாக் அப்சார்பர் தேஞ்சுபோச்சு. புதுசு வந்திருக்கு. வெங்காயத்தை முடிச்சுட்டு வர்றேன். முதல்ல அதை நிக்க வைப்போம்க்கா. அப்புறம் உங்களைப் பார்க்கலாம்."

காத்திருப்பது ஹேமலதாவுக்கு வராது. அது வந்திருந்தால் ஆசிரமத்துக்கே வந்திருக்க மாட்டார்.

துணி அறைக்குப் போனார். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. இந்த மலையில் மெஷின் பிழிந்து தராத துணி காயாது, நாறும். படுக்கை விரிப்புகள் ஈரக் குவியலாகக் காத்துக் கிடந்தன.

மெஷினின் கதவைத் திறந்து டிரம்மைக் கையால் ஓர் அமுக்கு அமுக்கினார். அது கீழே போனது, மேலே வந்தது, மறுபடி போனது, வந்தது. பரிசல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

வெட்கங்கெட்டது, என்று நினைத்துக்கொண்டார். தொட்டதற்கெல்லாம் இப்படி ஆடினால் எது உருப்படும்?

பின்பக்கச் சுவரில் ஓர் ஆணியில் பாலித்தீன் பை தொங்கியது. உள்ளே நீள நீளமான போல்ட்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடி உடையக்கூடாது என்று கம்பெனிக்காரர்கள் முதுகுப்புறம் இறுக்கி அனுப்புவார்களே, அவை. மெஷினை இறக்கிய அன்று கழற்றி, யாரோ பத்திரப்படுத்தியிருந்தார்கள்.

ஹேமலதாவுக்கு முகம் மலர்ந்தது. வழி கையிலேயே இருக்கிறது, இங்கே ஒருத்தருக்கும் புத்தியில்லை.

ஸ்பேனரை எடுத்தார். அத்தனை போல்ட்களையும் அதனதன் துளையில் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். டிரம்மை அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. பாறை.

"இப்ப ஆடு, பார்க்கலாம்," என்றார்.

விரிப்புகளைத் திணித்தார். ஸ்பின் போட்டார்.

முதலில் ஒரு முனகல். பிறகு ஓர் உறுமல்.

டிரம் ஆடவில்லை. அது உண்மை. டிரம்மைத் தவிர மற்றதெல்லாம் ஆடியது. தரை ஆடியது, ஜன்னல் கண்ணாடி ஆடியது, அலமாரியிலிருந்த சோப்புத்தூள் டப்பா ஆடி ஆடி விளிம்புக்கு வந்து குதித்தது. மெஷின் ஒரு துள்ளுத் துள்ளியது. இன்னொன்று. பின்னால் இருந்த குழாயைப் பிய்த்துக்கொண்டு, ஹேமலதா கட்டிப்பிடித்தும் நிற்காமல், அவரையும் இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி வாசலை நோக்கி நடந்தது.

வாசலில் போய்க் குறுக்காக மாட்டிக்கொண்டது. ஒயர் எட்டாமல் பிளக் தானாகப் பிடுங்கிக்கொண்டதால் நின்றது. இல்லாவிட்டால் சேலம் போயிருக்கும்.

கோகிலாம்மா வெளியே வந்து நின்றார். ஹேமலதா உள்ளே. நடுவில் மெஷின்.

"எங்க கிளம்பிடுச்சு?"

ஹேமலதா கீழே விழுந்த சோப்புத்தூள் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"என்னக்கா பண்ணீங்க?"

"ஆடாம பண்ணினேன்."

கோகிலாம்மா எட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். போல்ட்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"பிடிங்க," என்றார். "நான் இந்தப் பக்கம் தள்ளுறேன், நீங்க அந்தப் பக்கம் இழுங்க."

"அவ வந்துடுவா."

"வரட்டும். வழி விடணும்ல."

மெஷினை உள்ளே இழுத்துப்போட்டு, தண்ணீரை மூடினார்கள். போல்ட்களைக் கழற்றினார்கள். கோகிலாம்மா பின்பக்கத் தகட்டைத் திருகெடுத்து, சுவரில் சாய்த்து வைத்தார். டார்ச்சை ஹேமலதாவின் கையில் கொடுத்தார்.

"பாருங்க."

ஹேமலதா குனிந்தார்.

உள்ளே பெரிய தொட்டி. அதன் மேல் இறுக்கிக் கட்டிய கனத்த கான்கிரீட் கட்டி. மேலே இரண்டு ஸ்பிரிங். கீழே, முட்டுக் கொடுத்த மாதிரி, இரண்டு மெல்லிய குழாய்கள். சுற்றிலும் வெற்றிடம்.

அவர் டார்ச்சை இடமும் வலமும் திருப்பினார். எதையோ தேடினார்.

"இதை எதுலயும் திருகி வைக்கலையா?"

"இல்லக்கா. தொங்குது."

"தொங்குதா?"

"அந்த ரெண்டு ஸ்பிரிங்லதான்."

"இவ்வளவு தண்ணி, இவ்வளவு துணி. இந்தக் கல்லு. அந்தச் சுத்து சுத்துது."

"எல்லாமே."

"என் வீட்டு மெஷின்லயுமா?"

"எல்லார் வீட்டுலயும்."

ஹேமலதா எழுந்திருக்கவில்லை. எத்தனை காலமாக அதற்குள் துணியை அடைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். பிரசன்னாவின் பள்ளிக்கூடச் சட்டை, ஆபீஸ் சட்டை. பட்டனை அமுக்கிவிட்டுச் சீரியல் பார்க்கப் போயிருக்கிறார். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பாறையைச் சுமந்துகொண்டு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"எனக்கு யாரும் சொல்லலையே," என்றார். கருவறைக்கு முன்னால் பேசுகிற குரல் அது. அவர் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம்.

கோகிலாம்மா தரையில் படுத்து, கையை உள்ளே விட்டு, கீழே முட்டுக் கொடுத்திருந்த குழாய்களில் ஒன்றைப் பிடுங்கி எடுத்தார். கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, சைக்கிள் பம்ப் மாதிரி இருந்தது.

"இதுதான் அந்த ஷாக் அப்சார்பர். ரெண்டு முனையையும் பிடிச்சு இழுங்க."

இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. அமுக்கினார். வழுக்கிக்கொண்டு போனது.

"இதுக்குச் சுரணையே இல்லையே. எதைச் சொன்னாலும் சரி சரிங்குது."

"இப்ப இது."

புதியது. ஹேமலதா அமுக்கினார். போகவில்லை. மூச்சுப் பிடித்து அமுக்கினார். மெல்ல, மிக மெல்ல, இறங்கியது. இழுத்தார். அதே பிகு, அதே நிதானம்.

"நிறுத்துதா?" என்றார் கோகிலாம்மா.

ஹேமலதா மறுபடி அமுக்கினார்.

"நிறுத்தலை. விடுது." இன்னொரு தரம். "விடுது, ஆனா மரியாதையாத்தான் விடுது."

கோகிலாம்மா கையை நீட்டினார். ஹேமலதா கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்.

இரண்டையும் மாற்றி, தகட்டை மூடி, மெஷினை அதன் இடத்துக்கு நகர்த்தி, குழாயையும் பிளக்கையும் மாட்டினார்கள். ஹேமலதா டிரம்மை ஓர் அமுக்கு அமுக்கினார். இறங்கியது, ஏறியது, நின்றது. மறுபடி அமுக்கினார். இறங்கியது, ஏறியது, நின்றது. மறுபடியும்.

"விடுங்கக்கா. புதுசு அது, இன்னிக்கே தேய்ச்சுடாதீங்க."

ஸ்பின் போட்டார்கள்.

வேகம் ஏறியது. ஹேமலதா பழக்கத்தில் ஓரடி பின்னால் போனார். இன்னும் ஏறியது. கண்ணாடிக்கு உள்ளே விரிப்புகள் சுவரோடு ஒட்டிப்போய், நடுவில் ஒரு கருவட்டம் மட்டும் தெரிந்தது. அது சுற்றுகிறதா, சும்மா இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

கிட்டே போய் மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

உள்ளே சூறாவளி. மேலே, ஜுரம் இறங்கித் தூங்குகிற குழந்தையின் முதுகு.

கையை எடுக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்னுத்தாயியின் குரல் வந்தது. "ஏம்மா, மெஷின் நின்னுபோச்சா?"

"இல்ல பொன்னுத்தாயி," என்றார் கோகிலாம்மா. "ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"அத்தை."

வாசலில் மிருதுளா. தலைமுடியெல்லாம் பனித்துளி. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

ஹேமலதா திரும்பினார். காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை எடுத்தார்.

"நல்லா..."

அவ்வளவுதான் வந்தது. மோவாய் துடித்தது. வழக்கம்போலப் பல்லைக் கடிக்கப் போனார்.

கடிக்கவில்லை.

"அவனை மறந்துடுவியாடி?"

இதைக் கேட்கக்கூடாது என்றுதான் காலையிலிருந்து மந்திரம் தேடியது. கேட்டுவிட்டார்.

மிருதுளா செருப்போடு உள்ளே வந்தாள்.

"தெரியல அத்தை. எனக்கு அதான் தினமும் பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

"எனக்கும்தான்," என்றார் ஹேமலதா. "எனக்கும் அதே பயம்தான்டி."

தோள் குலுங்கியது. குலுங்கட்டும் என்று விட்டார். மிருதுளா அவரைப் பிடித்துக்கொண்டாளா, அவர் மிருதுளாவைப் பிடித்துக்கொண்டாரா, கோகிலாம்மா அதைப் பார்க்கவில்லை. அவருக்கு அடுப்பில் பருப்பு இருந்தது.

வெகுநேரம் கழித்து ஹேமலதா சமையலறைக்கு வந்தார். மூக்கு சிவந்து, முந்தானை நனைந்து, இத்தனை வயதில் பார்க்கச் சகிக்காத கோலம்.

"தோத்துட்டேன்மா. ஆடிட்டேன். அவ புடவையெல்லாம் என் மூக்குச்சளி. மானமே போச்சு."

கோகிலாம்மா பருப்பைக் கடைந்துகொண்டிருந்தார்.

"அவ கிளம்பிட்டாளா?"

"எங்க கிளம்பறது? மாடியில விரிப்பு உலர்த்திக்கிட்டிருக்கா. சாயங்காலம்தான் போவாளாம். கட்டிக்கப்போற பையனைப் பத்தி எனக்குச் சொல்லணுமாம். பிரசன்னாவைப் பத்தி அவன்கிட்ட சொல்லணும்னு, சின்ன வயசுக் கதையெல்லாம் என்னைக் கேக்கறா. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல எனக்கு."

"அப்ப அரிசி பத்தாது," என்றார் கோகிலாம்மா. "கூட ஒரு ஆழாக்குப் போடுங்கக்கா."

ஹேமலதா ஆழாக்கை எடுத்தார். அளந்து போடும்போது கொஞ்சம் சிந்தியது.

சிந்தட்டும் என்று விட்டார்.