திரும்பி நின்ற எழுத்துகள்

இந்தக் கதையில் நரைத்த தலை சீடருடையது. குருவுக்கு இன்னும் ஒரு முடிகூட வெளுக்கவில்லை.

சீடரின் பெயர் இருதயராஜ். புதுச்சேரியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் கார்குழலி. கவிதை எழுதுகிறவள், படம் வரைகிறவள். ஒரு காலத்தில் இதே இருதயராஜிடம் கணக்குப் படித்தவள். அவளுக்குக் கணக்கு வந்ததா என்பதைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

குழலியின் பெயர் இப்போது ஊர் தாண்டித் தெரியும். கவிதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. படங்கள் டெல்லிக்கும் கொச்சிக்கும் போய்வந்திருக்கின்றன. ஆனாலும் கவிஞர்கள் கூடுகிற இடத்தில் அவளை "நல்ல ஓவியர்" என்பார்கள். ஓவியர்கள் கூடுகிற இடத்தில் "நல்ல கவிஞர்" என்பார்கள். இரண்டு வீட்டிலும் வாசலோடு காப்பி கொடுத்து அனுப்புகிற மரியாதை. அவள் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. படத்துக்குள்ளேயே கவிதையை எழுதி, இரு தரப்பையும் ஒரே சுவரின் முன்னால் நிற்க வைத்துவிட்டாள்.

மரப்பலகையில் படம் செதுக்கி அச்செடுக்க அவள் கற்றுத்தருகிறாள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் இருதயராஜ் அவள் வீட்டு மாடியில் போய் நின்றார். குழலி பதறி எழுந்து நின்றாள். வகுப்பறைப் பழக்கம்.

"உட்காரும்மா. இனிமே நான்தான் நிக்கணும்" என்றார் இருதயராஜ்.

அன்றிலிருந்து அவர் உளி பிடித்தார். கையில் அங்கங்கே வெட்டுக்காயம், சட்டையில் மை, வீட்டில் மனைவியிடம் திட்டு. மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு வருஷம் ஆனதும் குழலி தன் மாணவர்களின் படங்களோடு ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தாள். அதில் இருதயராஜுக்கு ஒரு படத்துக்கு இடம். படமும் அவருடையது, படத்துக்குள் இருக்கும் கவிதையும் அவருடையது.

அவர் சும்மா இருப்பாரா? பழைய வாத்தியார்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இதென்ன கூத்து என்று சிலர் சிரித்தார்கள். வந்து பாருங்கள், பிறகு சிரியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கண்காட்சி நாள் காலையில்தான் அச்செடுத்தார். பலகையில் மையை உருட்டி, தாளை மேலே விரித்து, கரண்டியின் முதுகால் மெல்லத் தேய்த்து, ஓரத்தைப் பிடித்து உரித்தார். படம் அச்சுப் பிசகாமல் வந்திருந்தது. ஆள் இல்லாத வகுப்பறை. காலி பெஞ்சுகள். ஜன்னலில் வெயில். சுவர் நிறையக் கரும்பலகை. அதில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியது போல வெள்ளை எழுத்தில் கவிதை.

அந்தக் கவிதையை அவராலேயே படிக்க முடியவில்லை. எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றன.

பலகையில் செதுக்குவது தாளில் இடம் வலம் மாறி விழும். அதனால் எல்லாவற்றையும் திருப்பியே செதுக்க வேண்டும். இந்தக் கலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இருதயராஜ் பெஞ்சைத் திருப்பிச் செதுக்கினார். ஜன்னலை, கதவைத் திருப்பிச் செதுக்கினார். கரும்பலகை வந்ததும் உளி கையில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உட்கார்ந்துகொண்டது. வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதிய கை, தன்பாட்டுக்கு நேராக எழுதிவிட்டுப் போயிருந்தது.

புதிதாக ஒரு பலகை செதுக்க நேரம் இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. தாளைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கண்காட்சிக் கூடத்துக்குப் போனார். குழலி அங்கே சுவர் சுவராக ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அவர் தாளை மேசையில் விரித்தார்.

குழலி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த இடத்துல வேற யார் படத்தையாவது மாட்டிடும்மா. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்றார்.

"இது எப்படி சார் ஆச்சு?"

"கரும்பலகையப் பார்த்ததும் கை கேக்கலம்மா."

குழலி சிரித்துவிட்டாள். அதில் கேலி இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அவள் சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே இருந்த சுவருக்குப் போனாள். உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடம். அங்கே ஓர் ஆணியை அடித்தாள்.

"என்னம்மா பண்றே?"

"வீட்டுக்குப் போய்ச் சட்டைய மாத்திட்டு வாங்க சார். கையெல்லாம் மை."

சாயங்காலம் கூடம் நிரம்பியது. இருதயராஜ் தன் படத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் தலையைச் சாய்த்தார்கள், "அருமை" என்றார்கள், அடுத்ததற்கு நகர்ந்தார்கள். வாசலுக்கு எதிரே மட்டும் கூட்டம் நகரவில்லை.

அங்கே முதலில் நின்றவர் சுப்புராயலு. இருதயராஜோடு வேலை பார்த்த அறிவியல் வாத்தியார், சிரித்தவர்களில் முதல் ஆள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலைக் காற்றில் வலமிருந்து இடமாக ஓட்டினார்.

"ம... ணி... மணி..."

"அடித்து" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெண்.

"மணி அடித்துவிட்டது" என்று பின்னாலிருந்து ஒருவர் சேர்த்துச் சொன்னார்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. பட்டம் பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் தப்பாகச் சொல்ல இன்னொருவர் திருத்தினார். இருதயராஜ் கையில் கடித்த வடையோடு அப்படியே நின்றார். வரி வரியாக அவருடைய கவிதை ஊர்க் குரலில் வந்தது.

மணி அடித்துவிட்டது.
எல்லோரும் போய்விட்டார்கள்.
கரும்பலகையில் இன்னும்
தீராமல் இருக்கிறது ஒரு கணக்கு.

கடைசிச் சொல்லைக் கூட்டி முடித்ததும் யாரும் "அருமை" என்று சொல்லவில்லை. சுப்புராயலு திரும்பி, கூட்டத்தில் தேடி, அவரைக் கண்டுபிடித்தார்.

"டேய் இருதயம்" என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளைத் தட்டினார்.

இருதயராஜுக்குத் தலைகால் புரியவில்லை. யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். எதற்காகத் திருப்பி எழுதினீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதேதோ சொன்னார். கூடத்தின் உரிமையாளர் மார்சலின் அவரைத் தனியே அழைத்துப்போனார். இதே மாதிரி திரும்பிய எழுத்தில் ஓர் அறை நிறையப் படங்கள் செய்து தர முடியுமா, தை மாதத்தில் அவர் பெயரில் தனிக் கண்காட்சியே வைத்துவிடலாம், இன்றைக்கே சரி என்று சொன்னால் நாள் குறித்துவிடலாம் என்றார்.

தனிக் கண்காட்சி. இந்த வயதில். இன்னொருவர் வந்து இப்படிக் கேட்பார் என்று காத்திருக்க அவருக்கு ஆயுசு ஏது? ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு குழலியைத் தேடி ஓடினார். ஓடினார் என்றால் நிஜமாகவே ஓடினார். அவள் கொல்லைப்பக்கப் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். அடுத்து என்னென்ன செதுக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டார். பஸ் பெயர்ப்பலகை, கடைப் பெயர்ப்பலகை, கல்லறை வாசகம், ரேஷன் கடை அறிவிப்பு. எல்லாவற்றையும் திருப்பிவிடலாம்.

"சரின்னு சொல்லிட்டீங்களா சார்?"

"உன்னைக் கேக்காமலா? சொல்லிடட்டுமா?"

குழலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் முதல் கண்காட்சி மதுரையில. படத்து மேலயே மையால கவிதை எழுதியிருந்தேன். எல்லாத்தையும் கட்டி பஸ் மேல ஏத்திட்டுப் போனேன். விழுப்புரம் தாண்டினதும் மழை பிடிச்சுக்கிச்சு. இறக்கிப் பார்த்தா மேல இருந்த ஒரு படம் நனைஞ்சுபோய், எழுத்தெல்லாம் வழிஞ்சு படத்துக்குள்ள இறங்கியிருந்துச்சு."

"அடடா."

"உக்காந்து அழுதேன். சுவர் காலியா இருக்கக் கூடாதேன்னு அதையும் மாட்டினேன். வந்தவங்க அதைச் சுத்தித்தான் நின்னாங்க. பத்திரிகையில அதைத்தான் போட்டாங்க. என் பேர் வெளிய தெரிஞ்சதே அதனாலதான் சார்."

இருதயராஜின் முகம் மலர்ந்தது. இது அப்படியே தன்னுடைய கதை. அவர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்புறம்?"

"அடுத்த வருஷம் சென்னையில ஒரு பெரிய இடத்துல கூப்பிட்டாங்க. மொட்டை மாடியில படத்தையெல்லாம் வரிசையா சாய்ச்சு வச்சேன். கவிதை எழுதி, காயறதுக்குள்ள குடத்துல தண்ணி எடுத்து ஊத்தினேன். நல்லா வழிஞ்சுது. ஒண்ணு விடாம வித்துப்போச்சு."

"பார்த்தியா. அப்ப நான் சரின்னு சொல்லிடறேன்."

"சொல்லுங்க சார். மார்சலின் நல்ல மனுஷன். பேச்சு மாற மாட்டார்."

அவர் துள்ளி எழுந்தார். கதவுவரை போனவர் என்னவோ தோன்றித் திரும்பினார்.

"அந்தப் படமெல்லாம் இப்ப எங்கம்மா இருக்கு?"

"யார் யார் வீட்டுலயோ இருக்கும். எனக்குத் தெரியாது. முதல் படத்தை மட்டும் கேட்டவங்களுக்கெல்லாம் இல்லன்னுட்டேன். என் கட்டிலுக்கு எதிர்ல மாட்டியிருக்கேன்."

"ஏன், அது மட்டும்?"

"மத்த எல்லாத்துக்கும் நான்தான் சார் தண்ணி ஊத்தினேன். மழை அது ஒண்ணுக்குத்தான் வந்துச்சு."