மீன் தொட்டிக்கு வரும் நீர்

வண்ணப்பூச்சு ஆலை நடத்திவந்த வைரவனுக்கு மூன்று மாதங்களாக எவர்மீதும் நம்பிக்கை இல்லை. ஆலைக்குக் கீழ்ப்புறத்துச் சிற்றூராகிய புளியந்துறையில் கிணற்று நீர் நாறுகிறது என்று யாரோ மனுக் கொடுத்துவிட்டார்கள். நாளைக் காலை ஊரார் அதிகாரியோடு ஆலைக்கு வருகிறார்கள். குறை கண்டால் ஆலைக்குப் பூட்டு.

அவர் தம் குருவாகிய நிறைமதி அம்மையைத் தேடிப் போனார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். எனினும், அவர் முன்னிலையில் வைரவன் உட்கார்ந்து பேசியதில்லை.

“என்னைக் கவிழ்க்க நினைப்பவர் யார் என்று தாங்கள்தாம் சொல்ல வேண்டும், அம்மா.”

“யார்மீது ஐயம்?”

“எதிர்ப்புறத்துச் சாய ஆலைக்காரர். மனு எழுதத் தெரிந்த பள்ளி ஆசிரியர். சென்ற ஆண்டு நான் வேலையைவிட்டு நிறுத்திய ஓட்டுநர். வாயிற்காவலர்.”

“வாயிலில் ஒரு நாய் இருக்குமே?”

“அதுவும் இப்போதெல்லாம் அந்நியரைக் கண்டு குரைப்பதில்லை, அம்மா.”

அம்மை சிரிக்கவில்லை. “ஆலையைப் பார்க்க வேண்டும்” என்று எழுந்தார்.

இத்தனை ஆண்டுகளாக ஆலைப் பக்கமே வராதவர், இன்று ஏன் வருகிறார்? இவர் காதிலும் எவரேனும் ஓதிவிட்டார்களா? வழிநெடுக வைரவன் அம்மையின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆலையில் ஒரு நிறம் முடிந்து மறு நிறம் தொடங்கும்போதெல்லாம் கலவைத் தொட்டிகளைக் கழுவுவார்கள். கழுவிய நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஓடையில் விழும். ஓடைக்கரையில், வருவோர் காண்பதற்கென்றே ஒரு மீன் தொட்டி இருந்தது. ‘சுத்திகரித்த நீரில் வாழும் மீன்கள்’ என்று அதன்மேல் ஒரு பலகை. உள்ளே கெண்டைகள் கொழுத்துத் திரிந்தன.

“இதைவிடச் சான்று வேண்டுமா, அம்மா? விருந்தினர் யார் வந்தாலும் முதலில் இங்கேதான் அழைத்து வருவேன்.”

அம்மை மீன்களைப் பார்க்கவில்லை. தொட்டியின் பின்புறம் போய்க் குனிந்தார். அங்கே இரண்டு குழாய்கள் வந்து சேர்ந்தன. ஒன்றின் திருகு துருவேறி இறுகிக் கிடந்தது. மற்றதன் திருகு கைபட்டுக் கைபட்டுப் பளபளத்தது.

“இந்தத் துருப்பிடித்த குழாய் எங்கிருந்து வருகிறது?”

நிலையப் பொறுப்பாளர் இருதயராஜ் முதலில் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் சொன்னார்: “சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, அம்மா.”

“மற்றது?”

“ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. கோடையில் நீர் போதாமல் போனால் மட்டும் திறப்போம்.”

“இது ஐப்பசி.”

இருதயராஜ் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வைரவன் முந்திக்கொண்டார். “இவரையும் யாரோ வளைத்துப் போட்டுவிட்டார்கள், அம்மா! கிணற்று நீர் விடுகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் நீரில் குறையில்லை. பச்சைக் குழந்தைக்கும் புகட்டலாம்.”

இருதயராஜ் வாய் திறக்கப் போனார். முதலாளியின் பார்வை பட்டதும் மூடிக்கொண்டார்.

“நல்லது” என்றார் அம்மை. “அப்படியானால் கிணற்றுக் குழாயை மூடிவிட்டு, இதைத் திறந்துவிடுங்கள். நாளை வருவோர் உங்கள் நீரிலேயே மீன்களைப் பார்க்கட்டும்.”

இருதயராஜ் கிணற்றுக் குழாயை மூடினார். பிறகு ஒரு குறடு கொண்டுவந்து மற்றதில் மாட்டி அழுத்தினார். இறுகிய திருகு கிறீச்சிட்டு, கால் சுற்று அசைந்தது.

வைரவன் பாய்ந்து அவர் கையைப் பற்றினார்.

“நிறுத்தய்யா! விடிவதற்குள் அத்தனையும் செத்து மிதக்கும்!”

அம்மை நிமிர்ந்தார்.

“அது உனக்கு எப்படித் தெரியும், வைரவா?”