குறிமுள்ளுக்கு ஓர் உத்தரவு

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கிக் குழலின் நுனியில் நிற்கும் குறிமுள்ளை வலப்பக்கம் நகர்த்தினால் குண்டு இடப்பக்கம் போகும். ஆகவே, குண்டு விலகும் பக்கமே முள்ளையும் நகர்த்த வேண்டும்.

ஆயுதக்கிடங்குக் காவலர் மரியபுஷ்பத்துக்கு இது பதினோரு வருடப் பழக்கம். துணைக் கண்காணிப்பாளர் நரேந்திரபூபதி அன்றைய சுடுபயிற்சியில் சுட்ட ஐந்து குண்டுகளும் குறிப்பலகையின் வட்டத்துக்கு இடப்பக்கம், ஒரு கையகலத்துக்குள் விழுந்தன.

"துப்பாக்கியைக் கெடுத்து வெச்சிருக்கே. சாயங்காலத்துக்குள்ள உன்னை சஸ்பெண்ட் பண்றேன்" என்றார், இருபது பேர் முன்னிலையில்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அஞ்சும் ஒரே இடத்துல விழுந்திருக்கு ஐயா. துப்பாக்கி கெடல. நான் அடையாளத்துக்குப் போட்ட வெள்ளைக்கோட்டை விட்டு முள்ளு நகர்ந்திருக்கு. எந்தப் பக்கம் தள்ளட்டும்?"

"இதுகூடத் தெரியாதா? வலப்பக்கம். நேத்து நானே தள்ளினேன், பத்தல."

"அதைப் பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க ஐயா. கிடங்கு விதி."

அவர் கோபத்தோடு எழுதிக் கையெழுத்திட்டார். அவர் எழுதியிருந்தபடியே அவள் முள்ளை வலப்பக்கம் தள்ளினாள். அடுத்த ஐந்து குண்டுகளும் இடப்பக்கத்துக் காவலரின் பலகையில் பாய்ந்தன.

"இன்னும் வலப்பக்கமா ஐயா?"

அவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். அவள் முள்ளை வெள்ளைக்கோட்டுக்கே திருப்பி, தரையில் படுத்து ஐந்து முறை சுட்டாள். ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தன.

பின்னர் முடிவானவை இவை: அவள் வேலையில் நீடித்தாள். முள்ளை நகர்த்தும் கருவி அவள் பொறுப்பில் மட்டுமே இருந்தது. அதிகாரி மன்னிப்புக் கேட்கவில்லை. பதிவேட்டில் தான் கையெழுத்திட்ட தாளைக் கிழிக்கச் சொன்னார். அதையும் எழுத்தில் தருமாறு அவள் பதிவேட்டை நீட்டினாள்.