காட்டுமாட்டுக்குக் கால் வெளுத்த கதை

அந்தக் காலத்தில், மாடும் மனிதனும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, காட்டுமாடுகள் கொம்படி முதல் குளம்பு வரை ஒரே கறுப்பு. ஆனைமலைக் கூட்டத்துக்குத் தலைவன் திம்மன். உப்பு மண் நக்க அவன் பாட்டன் எந்தத் தடத்தில் போனானோ, அதில்தான் அவனும் போவான். ஓரடி விலகமாட்டான். ஒருமுறை தடத்தின் குறுக்கே மரம் விழுந்துவிட, அது மக்கும்வரை இரண்டு வருஷம் உப்பில்லாமலே இருந்தான். அதைச் சொல்லிச் சொல்லி அவன் மனைவி கெச்சிக்கு வாய் வலித்துவிட்டது.

அந்தத் தடத்தின் மேல்தான் தேயிலைத் தொழிற்சாலை கட்ட ஆட்கள் வந்து இறங்கினார்கள். சவரிமுத்து மேஸ்திரி கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தபோது திம்மன் எதிரே போய் நின்றான்.

"இது எங்க வழி, மேஸ்திரி."

"தெரியாமப் போச்சுங்க. ஒரு பத்தடி தள்ளிப் போயிடுங்களேன்."

"நீங்க பத்தடி தள்ளிக் கட்டுங்களேன்."

"முதலாளி காகிதத்துல கோடு போட்டுட்டாருங்க. மாத்தினா என் வேலை போயிடும்."

"எங்க பாட்டன் தரையில கோடு போட்டுட்டாரு. மாத்தினா என் மானம் போயிடும்."

இருவருக்குமே மற்றவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அதுதான் வம்பு.

மறுநாள் காலை, ஆளுக்கு ஆள் தெரியாத மூடுபனி. தடத்தில் ஒரு பெரிய குழி நிறையச் சுண்ணாம்பு நீற்றி வைத்திருந்தார்கள். கூட்டம் வரும் சத்தம் கேட்டு மேஸ்திரி கத்தினார்: "சுண்ணாம்புக் குழிங்க! சுத்திப் போங்க!"

"சுத்திப் போற வழக்கம் எங்களுக்கில்லே," என்று திம்மன் இறங்கினான். முழங்கால் வரை சுண்ணாம்பு. தலைவனே இறங்கிவிட்டானே என்று பின்னால் வந்த இருபது மாடுகளும் இறங்கின. கடைசியாகக் கெச்சியின் கன்று, குதிப்பதற்குக் காலைத் தூக்கியது. மற்றவர்களுக்கு முழங்கால் ஆழம், அதற்குக் கழுத்து ஆழம். மேஸ்திரி ஓடிப்போய் அதை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு, குழியைச் சுற்றிவந்து அக்கரையில் இறக்கிவிட்டார்.

கெச்சி புருஷனைப் பார்த்தாள். "உங்க பாட்டன் இருந்தா அவரே சுத்திப் போயிருப்பாரு," என்றாள். திம்மனுக்குக் காலைவிட முகம்தான் அதிகமாக எரிந்தது.

ஓடையில் இறங்கிக் கழுவினார்கள். மலைத் தண்ணீரின் குளிரில் சுண்ணாம்பு இன்னும் இறுகிக்கொண்டது. ஒரு வாரம் யாரும் எழுந்திருக்கவில்லை. எட்டாம் நாள் திம்மன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பத்தடி தள்ளியே போவோம்," என்று கூட்டத்தை நடத்திப் போனான். போனவன் நேராகப் புதுச் சுவரில் போய் முட்டிக்கொண்டான்.

சுவருக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "என்னங்க இது! அந்தக் கன்னுக்குட்டி மூஞ்சியைப் பார்த்தப்புறம் மனசு கேக்காம, குழியை மூடிட்டு, உங்களுக்காக நான் பத்தடி தள்ளிக் கட்டியிருக்கேன்!"

"உங்களுக்காக நான் பத்தடி தள்ளி வந்தேன்!"

கெச்சி சிரித்த சிரிப்பில் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கடமானுக்குப் புரையேறிவிட்டது. கூட்டம் திரும்பிப் பழைய தடத்திலேயே போனது. மேஸ்திரிக்கு வேலையும் போகவில்லை. கோடு போட்ட முதலாளி, மலையேறி வந்து அளந்து பார்த்தால்தானே!

அன்று முதல்தான் காட்டுமாடுகளுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை. அவை தேயிலைத் தோட்டத்தின் நடுவே தம் பாட்டுக்கு நடந்து வருவதும், கொழுந்து பறிப்பவர்கள் கூடையோடு ஒதுங்கி வழிவிடுவதும் அன்று முதல்தான்.