முன்வரிசைப் பிரமுகர்

கோயமுத்தூர் மில் முதலாளி தேவராஜுலு வீட்டுக் கல்யாணம். முன்வரிசைக்குப் பிரமுகர்களை மட்டும்தான் விட வேண்டும், ஆள் மாறினால் வேலை போய்விடும் என்று காவலாளி சென்னியப்பனை மிரட்டி வைத்திருந்தார்.

"பிரமுகருன்னு எப்படிங்கய்யா கண்டுபிடிக்கறது?"

"யாரு வந்தா நான் எந்திரிச்சு நிக்கறனோ, அவங்கதான்டா!"

வைர நெக்லஸ்களும் பட்டு ஜிப்பாக்களும் வந்தன. முதலாளி சோபாவில் சாய்ந்தபடியே தலையசைத்தார்.

அப்போது வாசலில் நூல் சேலை கட்டிய ஒரு அம்மாள் தயங்கி நின்றாள். "நான் மாராத்தா. உங்க முதலாளி காலேஜ்ல படிக்கறப்ப அவருக்குச் சோறு போட்டவ. தூர நின்னு பார்த்துட்டுப் போயிடறேன் சாமி."

சென்னியப்பன் அவளை நேரே முன்வரிசைக்கே கூட்டிப்போனான்.

"யாரைடா இங்க..." என்று சீறிய முதலாளி, அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். "அக்கா!"

சென்னியப்பன் பணிவாகக் கேட்டான்: "ஆள் மாறலீங்களேய்யா?"